பின்னறையில் எழுந்த ரோமாபுரி

பின்னறை யாருக்கு என்று எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு மாதமாக இழுபறி. அவளுக்குத் தையல் வகுப்பு நடத்த இடம் வேண்டும். எனக்குக் கலைக்கூடம் வேண்டும். அவளிடம் கேட்டு வாங்குவது நடக்கிற காரியமில்லை என்று கல்யாணமான முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டவன் நான். அதனால் ஆக்கிரமிப்பதென்று முடிவெடுத்தேன்.

வழி காட்டியவர் மாடி வீட்டு டிராயிங் மாஸ்டர். பழைய ரோமானியக் கட்டடங்களைப் பார்த்து, இப்போதைய கலைஞர்கள் அட்டை, துணி, கம்பி, சாந்து என்று கண்டதையும் கலந்து கட்டி அசத்துகிறார்களாம். புத்தகத்தில் ஒரு படம் காட்டினார். இரண்டு தூண், மேலே ஒரு வளைவு.

"இதை ஒரு தடவை நட்டுட்டா எடுக்கவே முடியாதா சார்?"

"ரெண்டாயிரம் வருஷமா யாரும் எடுக்கலையே."

எனக்கு அது போதும். தலையில் ரோமம் உதிர்ந்த வயதில் ரோமாபுரி மீது காதல் பிறந்தது.

எனக்கு உத்தியோகம் கூரியர் ஆபீஸில். அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை காலையில் பெட்டிகளைக் கல் மாதிரி வெட்டி அடுக்கினேன். பழைய வேட்டியைக் கிழித்து, சாந்தில் தோய்த்து, மேலே சுற்றினேன். தூண்கள் இடுப்பளவு வந்தபோது மனைவி டீயோடு உள்ளே வந்தாள்.

"என்னங்க இது?"

"ரோமானிய வளைவு. அறைக்கு நட்டநடுவுல நிக்கப் போகுது. இனிமே இதை நகர்த்த முடியாது."

சண்டைக்குத் தயாராகத் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவளோ தூணைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் யாராவது பாராட்டினால் என் மூளை லீவு போட்டுவிடும்.

"நடுவுல தனியா நின்னா ஆடாதுங்களா? அந்த மூலையில கட்டினா ரெண்டு சுவரும் பிடிச்சுக்கும். அப்புறம் யாராலயும் பெயர்க்க முடியாது."

யாராலும் பெயர்க்க முடியாது! அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். உடனே மூலைக்கு மாற்றி, சுவரோடு சாந்து வைத்துப் பூசினேன்.

"தூண்ல அது என்ன பள்ளம்?"

"மாடம். ரோமர்கள் அதுல சிலை வைப்பாங்க."

"அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்துக்கு ஒரே ஒரு மாடமா? தூணுக்கு இருபது வைங்க. கை நுழையுற ஆழத்துக்கு."

வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வளைவையும் ஏற்றி, உச்சிக்கல்லைப் பொருத்தினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"காலு ரெண்டும் விரிஞ்சுடப் போகுதுங்க. குறுக்கால ஒரு கம்பி குடுங்களேன்."

கொடுத்தேன்.

"கண்டதையும் கலக்கலாம்னீங்களே, கண்ணாடியும் கலக்கலாமா?"

"தாராளமா."

பீரோவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடியைப் பின்சுவரில் நானே பதித்தேன். கலைக்கு இப்படி ஒரு துணைவி கிடைக்க எந்த ஜென்மத்துப் புண்ணியமோ என்று நெஞ்சு விம்மியது. இவளையா ஏமாற்றுகிறோம் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அறைக் கதவைச் சாத்தி ஒரு வாரம் காயவிட்டேன். அடுத்த ஞாயிறு மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் என் வளைவின் பெருமையை அளந்துவிட்டு, டிராயிங் மாஸ்டரைக் கையோடு கூட்டிவந்து, பின்னறைக் கதவைப் பெருமையாகத் திறந்தேன்.

நட்டநடுவில் நாலு தையல் மிஷின். எட்டுப் பெண்கள். நாற்பது மாடங்களிலும் நூல்கண்டு, நிறவாரியாக. குறுக்குக் கம்பியில் பூப்போட்ட திரைச்சீலை.

"என்ன அநியாயம் இது?" என்றேன்.

"துணி போட்டுப் பார்க்க ஒரு மறைவு இல்லாமதான் வகுப்பு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு" என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "கட்டிக் குடுத்துட்டீங்க. இனிமே யாராலயும் பெயர்க்க முடியாது."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிரமாதம். மாடத்துல நூல்கண்டு! யாரோட கற்பனை?" என்றார். அவள் அடக்கமாகச் சிரித்தாள்.

விடக் கூடாது. கட்டியவன் நான். என் வளைவை நானே திறந்து காட்டுகிறேன் என்று விறுவிறுவெனப் போய்த் திரைச்சீலையில் கை வைத்தேன்.

"அங்கிள்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், "ஆம்பளைங்க இங்க வரக்கூடாதாம். டீச்சர் சொல்லியிருக்காங்க."