தூண் அண்ணனும் ஈப்போ நீதிமன்றமும்

மலேசியாவில், ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே பழைய நீதிமன்றம், அதற்கு இருக்கும் வரலாறு உலகத்தில் வேறெந்தக் கட்டடத்துக்கும் கிடையாது. தூண் அண்ணன் அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் தினம் ஒன்று உண்டாக்கினார்.

அவர் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்வது வேலை. காலையில் வாசல் தூணை, மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம். நான் அப்போது வக்கீல் அலுவலகக் குமாஸ்தா. கோப்புகளைச் சுமந்துகொண்டு பாதி நாள் அங்கேதான் கிடப்பேன்.

பயந்தவர்களைக் கண்டால் அண்ணனுக்கு வரலாறு ஊறும். முதல் வழக்குக்கு நடுங்கிக்கொண்டு வந்த வக்கீலிடம், "இதுக்குப் பிளான் போட்ட வெள்ளைக்காரன் பரீட்சையில பெயிலு லா" என்பார். விவாகரத்துக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்ற கணவன் மனைவியிடம், "மேல் மாடி ஒரு கொத்தனாரு, கீழ ஒருத்தரு. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அதான் ஜன்னல் ஒண்ணுக்கொண்ணு சேரல" என்றார். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜன்னல்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் சேர்ந்து பார்த்தார்கள்.

"இதெல்லாம் நெசமாண்ணே?" என்று கேட்டேன்.

"வெளிய நான் என்ன வேணும்னாலும் பேசுவேம்மா. உள்ள போனா ஒரு சொல்லு கூடாது, ஒரு சொல்லு குறையாது."

அதுவும் உண்மை. ஒரு சாட்சி வக்கீலைப் பார்த்து விரலை ஆட்டித் திட்டியபோது, அண்ணனும் அதே விரலை ஆட்டி மலாயில் திட்டினார்.

காம்பார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. குடியிருந்தவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள். முக்கிய சாட்சி, அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த பாக்கியம் அக்கா. தூண்களைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளைக்காரன் கட்டுன எடம். எனக்குப் பேச்சு வராது, நான் போறேன்."

என் வக்கீலுக்கு வியர்த்துவிட்டது. தூண் அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாருக்கா சொன்னா வெள்ளைக்காரன்னு? கட்டுனதெல்லாம் நம்ம ஆளுங்க. அந்தத் தூணு கோணலா இருக்கு பாருங்க. அதைக் கட்டுனவருக்கு அன்னிக்குக் கல்யாணம். அவசரத்துல பூசிட்டு ஓடிட்டாரு."

அக்கா சிரித்தபடியே உள்ளே வந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல், "அந்த நிலத்தில் உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்தார். "காட்டை வெட்டுனது நாங்க. கன்னு நட்டது நாங்க. இந்தக் கோர்ட்டையே எங்க ஆளுங்கதான் கட்டுனாங்க. தூணு கட்டுனவரு கல்யாணத்துக்கு ஓடுனாராம். இந்த அண்ணன்தான் சொன்னாரு."

அண்ணன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தன் பொய்யைத் தானே, ஒரு சொல் குறையாமல், மலாயில் சொல்லி முடித்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "பெத்துல் கா?" என்றார். உண்மையா என்று.

"கல்யாணக் கதை நான் சேர்த்தது, யாங் அரிஃப்," என்றார் அண்ணன், நீதிபதியை மலாய் முறையில் மரியாதையாக விளித்து. "கட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன். எங்கேயும் பேர் இல்லை."

அதையும் தமிழில் அக்காவிடம் சொன்னார். அக்கா கேள்வி கேட்ட வக்கீல் பக்கம் திரும்பி, "அடுத்து என்னா கேக்கணும், கேளுங்க" என்றார். பயம் திரும்பி வரவே இல்லை.

வழக்கு சில மாதங்கள் கழித்துச் சமரசமாகி, குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைத்தது. சாட்சி சொன்ன அன்று மதியம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. அக்கா வாசல் படியில் காத்திருந்தார். திட்டு வாங்கத் தயாராகத் தலைகுனிந்து வந்தார் அண்ணன்.

"ஏண்ணே," என்றார் அக்கா, "அந்தக் கல்யாணத்துக்கு அவரு நேரத்துக்குப் போய்ச் சேந்தாரா?"

அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அலுவலகத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. கோப்புகளைக் கீழே வைத்துவிட்டு நானும் படியில் உட்கார்ந்துகொண்டேன்.