முப்பது பேருக்கு ஒரே நீல ஒளி

இந்தக் காலத்தில் சும்மா உட்காருவதற்குக்கூட வகுப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் சும்மா உட்கார்ந்தால் முதுகில் அறை விழும். இப்போது சனி, ஞாயிறு உட்காருவதற்கு மூன்று மாதம் முன்பே இடம் பிடிக்கிறார்கள். நான் நாற்பது வருடம் லாரி ஓட்டியவன். உட்கார்ந்தே குடும்பத்தைக் காப்பாற்றியவன். என்னை ஒருத்தனும் குரு என்று கூப்பிட்டதில்லை.

என் மகளுக்கு வலிப்பு. மாத்திரை போட்டால் வராது. ஒருமுறை நிறுத்திப் பார்த்தாள். அடுப்படியில் விழுந்து நெற்றியில் ஆறு தையல். அவள் அப்படியொரு வகுப்பில் இடம் பிடித்தாள்; அவளுக்குத் துணையாகத்தான் நானும் போனேன்.

வாசலில் 'ஆரம்பநிலையினருக்கான புத்த தியானம்' என்று பலகை. தெரு முனைவரை கார்.

"மாஸ்டர் பார்த்தாலே நம்ம நெஞ்சுக்குள்ள இருக்கிற ஒளி தெரிஞ்சிடுமாம்" என்றார் பக்கத்தில் நின்ற பல் டாக்டர். அவர் எக்ஸ்ரே எடுத்துப் பிழைக்கிறவர்.

உள்ளே போனதும் முதல் விதி: வந்திருந்த முப்பது பேரும் இரண்டு நாள் யாரோடும் பேசக் கூடாது. மாஸ்டர் மட்டும் பேசலாம். மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கவனித்தேன். வந்தது, போனது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறை நன்றாகத் தூக்கமும் வந்தது.

சாயங்காலம் ஒவ்வொருவராகத் தனி அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பெரியவரே, உங்களுக்கு மட்டும் நீல ஒளி இருக்கு. இருபது வருஷத்துல வேற யார்கிட்டயும் பார்த்ததில்லை. வெளியில சொன்னா அணைஞ்சிடும். இனிமே மருந்து மாத்திரை எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது."

குறட்டை விட்டவனுக்கே ஒளி. சரிதான் என்று எழுந்து வந்தேன்.

ராத்திரி அங்கேயே தங்கல். மறுநாள் காலை மகள் மாத்திரை டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டதைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன்.

"என்னம்மா பண்ற?"

"ராத்திரியே போடலப்பா. இனிமே வேணாம். காரணம் கேக்காதீங்க."

"நீல ஒளியா?"

அவள் முகம் மாறியது. "ஒட்டுக் கேட்டீங்களா?"

"எனக்கும் அதே நீலந்தான்."

"என்னை மாத்திரை போட வைக்கப் பொய் சொல்றீங்க. உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருந்துச்சு?"

இனி என் பேச்சு எடுபடாது. நேராகக் கூடத்துக்குள் போய் எல்லாருக்கும் முன்னால், மாஸ்டர் பக்கத்தில் நின்றேன்; மகளும் உள்ளே வந்தாள்.

"யாரும் பேச வேணாம். 'உங்களுக்கு மட்டும் நீல ஒளி'ன்னு மாஸ்டர் யார்கிட்ட சொன்னாரோ, அவங்க கை தூக்கினா போதும்."

வாயால்தானே சொல்லக் கூடாது. பல் டாக்டரின் கை முதலில் எழுந்தது. பெருமையாகத்தான் எழுந்தது. பிறகு ஒரு தையல்காரர், ஒரு வாத்தியாரம்மா, இரண்டு வக்கீல். தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற சமையல்காரரும் கரண்டியோடு தூக்கினார். கடைசியாக, மெதுவாக, என் மகள்.

"எல்லாருக்குள்ளயும் இருக்கிறது ஒரே ஒளிதான்" என்றார் மாஸ்டர்.

"அப்போ 'உனக்கு மட்டும்'னு ஏன் சொன்னீங்க?" கேட்டது என் மகள்.

அந்த இரண்டு நாளில் முதல்முறையாக மாஸ்டரும் மௌன விதியைக் கடைப்பிடித்தார்.

மகள் என்னிடம் கையை நீட்டினாள். டப்பாவைக் கொடுத்தேன். தண்ணீர்கூடக் கேட்காமல் விழுங்கினாள்.

பல் டாக்டர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "ஆனா ஐயா, எனக்கு அடர்நீலம்னு சொன்னாரே?"

"சார், பல்லுல சொத்தை எங்கன்னு பார்க்க நீங்க வாயைத் திறக்கத்தானே சொல்வீங்க? இந்த ஆளு எதுக்கு முப்பது பேர் வாயை மூடச் சொன்னான்? அதைக் கொஞ்சம் யோசிங்க."

யோசிக்கிறேன் என்று அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு நம்பிக்கையில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.