படம் வந்தால்தான் விலகும் திரை

தில்லையடி,
புத்தளம்.

அன்பு மருமகன் ஸப்ரானுக்கு, மாமா அபூசாலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் நலம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டும். தபால் கந்தோரில் உழைத்துப் பென்சன் எடுத்தவன், அந்த முறையை மீற மாட்டேன். நலம் என்று எழுதியாயிற்று. உண்மையில் நலம் இல்லை.

மருமகனை ஏசுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே இதை ஏச்சாக எடுக்காமல் விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஒன்றாக இருந்த காலத்தில் ஒரு மவுத்து நடந்தால், மரணச் செய்தி சொல்லப் பள்ளி ஒலிபெருக்கி போதும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, பாதிப் பேர் புத்தளத்திலும், கொஞ்சம் பேர் கற்பிட்டியிலும், யுத்தம் முடிந்து திரும்பிப் போனவர்கள் மன்னாரிலுமாகக் கிடக்கும்போது எந்த ஒலிபெருக்கி எட்டும்? அதனால்தான் ஜனாஸா அறிவித்தலுக்கு ஓர் இணையத்தளம் செய்து தரச் சொன்னோம். செய்தீர்கள், அல்லாஹ் கூலி தருவான். ஆனால் சிக்னல் குறைந்த இடங்களில் பக்கம் துண்டு துண்டாக வந்தது. முதலில் “ஜனாஸா அறிவித்தல்” என்ற தலைப்பு, அடுத்து அதன் கீழே ஜனாஸா கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் என் படம், மவுத்தானவரின் பெயரும் படமும் ஆறுதலாக, மெல்ல மெல்லக் கடைசியில். கற்பிட்டியிலிருந்து சாரா உம்மா அழுதுகொண்டு வந்து கதவைத் தட்ட, நானே போய்த் திறந்தேன். பஸ் காசு வீண் என்று என்னைத்தான் ஏசினார். மையவாடியில் குழி வெட்டுகிறவர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

அதனால்தான் எல்லாம் வந்து சேரும்வரை பக்கத்தை மூடிவைக்க ஏதாவது போடுங்கள் என்று கேட்டேன். நீங்களும் லோடிங் திரை போட்டீர்கள். முழு வெள்ளை, நடுவில் சுற்றும் வட்டம், கீழே “சற்றுப் பொறுங்கள்”. நன்றாகவே வேலை செய்தது. செய்யாமல் என்ன, அதன் பிறகு மவுத்தானவர்கள் எல்லாரும் ஆண்கள். நானும் பெருமையில் தலைகால் தெரியாமல், இனிமேல் யாரும் போனில் சொல்லி இடத்தையும் நேரத்தையும் குழப்பக்கூடாது, தளத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

போன வியாழன் விடிகாலை சுபஹுக்குப் பிறகு என் மூத்த சகோதரி நஃபீஸா ராத்தா மவுத்தானார். அறிவித்தலை நானே போட்டேன். எல்லாருடைய போனுக்கும் ‘புதிய ஜனாஸா அறிவித்தல், தளத்தைப் பாருங்கள்’ என்று செய்தி போனது. உம்மா இல்லாத வீட்டில் ராத்தா கையில் வளர்ந்த எங்கள் கடைசித் தம்பி ஹயாத்து முகம்மது மன்னாரில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்று அடக்கத்தைப் பின்னேரம் அஸர்வரை பிந்தவைத்தோம். தளம் சொல்லியிருக்கும், வந்துகொண்டிருப்பான் என்று நாங்கள் இங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் அங்கே வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். யாருடைய ஜனாஸா என்று தெரியாமல், சிக்னல்தான் இல்லையென்று எண்ணி, போனைத் தூக்கிக்கொண்டு வளவெல்லாம் நடந்து, கடைசியில் தண்ணீர்த் தாங்கியின் மேலேறி நின்றிருக்கிறான். போன் எடுக்கலாமே என்றால், மூத்தவன், அவனுடைய காக்கா, நான் போட்ட சட்டம். இனியும் வைத்திருக்க ஏலாது என்று மவ்லவி சொல்லிவிட்டார். அடக்கிவிட்டு மையவாடியில் நிற்கும்போதுதான் சட்டத்தை மீறி எனக்கு போன் எடுத்தான். சொன்னேன்.

“காக்கா, ராத்தாட முகத்த மூடிட்டீங்களா?”

என் கையில் மண் இருந்தது, மகன்.

இரவு போனில் உங்களிடம் கேட்டேன். “மாமா, படம் வந்தாத்தான் திரை விலகும் எண்டு புரோகிராம் எழுதிட்டன்” என்றீர்கள். பெண்களின் ஜனாஸாவுக்கு நாம் படம் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும், கமிட்டிக்குத் தெரியும், வட்டத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. வராத படத்துக்காக அது நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறது. பெண்களுக்கு ஒரு பூப்படம் போட்டுவிட்டால் திரை விலகிவிடும் என்று தலைவர் யோசனை சொல்கிறார். பூவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். இக்கடிதம் கண்டவுடன் அந்தத் திரையைப் பிடுங்கி எறியுங்கள். பக்கம் துண்டு துண்டாகவே வரட்டும். கிழமைக்கு ஒருமுறை நான் மவுத்தாகிவிட்டுப் போகிறேன்.

மகள் அக்கீலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். மாமி உங்களுக்கு இறால் கருவாடு எடுத்து வைத்திருக்கிறார். கோபத்திலும் உங்களுக்காக துஆச் செய்கிறேன். அல்லாஹ் உங்கள் கைத்தொழிலில் பரக்கத்துச் செய்வானாக.

இப்படிக்கு,
மாமா அபூசாலி

பி.கு: உறையை ஒட்டுமுன் ஹயாத்து வந்தான். ராத்தாவின் கபுறடிக்குப் போய்விட்டு வந்து, முற்றத்தில் கதிரை போட்டுக் குந்தி, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றேன். “வேணாம் காக்கா. அது சுத்தட்டும். விலகினா ராத்தா மவுத்தெண்டு நான் வாசிக்கோணும்” என்றான். ஆகவே மகன், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். மற்றப் பெண்களுக்கு என்ன செய்யலாம் என்று யோசியுங்கள். ராத்தாவின் பக்கத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். நானும் இப்போது திறந்து பார்த்தேன். சுற்றுகிறது.