ஹெட்போனுக்குள் புகுந்த பகைவன்

சிவாஜிநகர்ச் சந்தடியை ஒற்றை ஹாரனால் பிளந்து செல்லும் ஸ்கூட்டர்த் தேரினன், எண்ணிறந்த கல்யாணங்களை ஒற்றைக் கண்ணால் கண்ட கூர்விழியன், வலத்தோளில் வி.எச்.எஸ். கேமரா என்னும் கதாயுதம் தாங்கிய டென்சில் பெருமானே, வாழி! ஏழிசைத் தெய்வங்காள், இக்கதை முடியும்வரை சற்றே அருகில் நில்லுங்கள். உங்கள் மானம் சம்பந்தப்பட்டது.

பெண்பொருட்டுப் போர் புரிதல் காவிய மரபு. டென்சிலின் இல்லாள், தேன்குரலாள் மௌரீன், தன் பேண்டோடு கோவா ஹோட்டல் ஒன்றில் சீசன் முழுதும் பாட வாய்ப்புக் கேட்டிருந்தாள். ‘சத்தம் சுத்தமாக உள்ள வீடியோ வேண்டும், இதுவே கடைசித் தடவை’ என்று ஓலை விடுத்திருந்தது ஹோட்டல். முன்பு அனுப்பிய டேப்பில் மௌரீன் வாயை மட்டும்தான் அசைத்தாள். பாடியதெல்லாம் சீலிங் ஃபேன்.

ஆகவே அந்த ஞாயிறு மாலை, சர்ச் ஹாலின் கோடியில், தனிமேசை ஒன்றின்மேல் கொடிமரமென ஏறி நின்று டென்சில் முழங்கினான்:

“ஃபேன் எல்லாம் ஆஃப்! இருமறவங்க வெளிய போய் இருமிட்டு வாங்க! குழந்தை அழுதா அம்மாவும் சேர்ந்து வெளிய!”

ஏப்ரல் வெக்கையில் ஹால் இட்லிப்பானை ஆயிற்று. கேமராவின் நெற்றியில் பஞ்சுத்தொப்பி அணிந்த மைக் விடைத்து நின்றது. செவிக்கவசமாம் ஹெட்போனைப் பூண்டான் வீரன். டிரம்ஸ் இடித்தது, கிடார் மின்னியது, மௌரீன் மழையாய்ப் பொழிந்தாள். ஆகா!

அப்போதுதான் புகுந்தான் பகைவன்.

அச்சு முறிந்த கட்டைவண்டி மேடேறினாற்போலவும், காண்டாமிருகம் காதல் வயப்பட்டாற்போலவும் ஓர் ஆண்குரல், மௌரீனின் குரலுக்கு அடியில் பதுங்கி, அவள் மூச்சு வாங்கிய இடமெல்லாம் பாய்ந்து, உச்சத்தில் அவளையே முந்தி ஓடி, ஹெட்போனுக்குள் கொடி நாட்டியது! எவன் அவன்?

பாட்டு முடிந்ததும் பாய்ந்தது டென்சிலின் விரல், கடைசி பெஞ்சு ஹெர்பர்ட்டை நோக்கி. “அங்கிள்! வாயை மூடுங்க!”

“என்ன மேன் இது? சர்ச் கொயர்ல அடிக்குரல்ல பேஸ் பாடறவன் நான். எனக்குக் கழுதைக் குரல்னா ஃபாதர் என்னை எப்பவோ துரத்தியிருப்பார்!”

முறையீடு எடுபடவில்லை, முதியவர் நாடுகடத்தப்பட்டார். அடுத்த பாட்டு, பகைவனோ இன்னும் குஷியாக! பழி வாட்ச்மேன் கிருஷ்ணப்பாமேல் விழுந்தது. “ஐயோ ஸ்வாமி, நானு இங்கிலீஷ் பாட்டு பாடுவனா?” என்று அலறியபடி அவரும் கானகம் ஏகினார். அடுத்தடுத்து பின்வரிசை முழுவதும் ஏகியது. என்ன மாயம்! டென்சில் நிமிர்ந்து அதட்டினால் அடங்குகிறான். குனிந்து கேமராவில் கண்ணை வைத்தால் கிளம்புகிறான்!

இடைவேளை வந்தது. டேப்பைப் பின்னோக்கி ஓட்டி, ஹெட்போனை மனைவியின் செவியில் சூட்டினான். “சொல், தேன்மொழியாளே! இக்குரலுக்கு உரியவன் இனி இந்த ஹாலில் வாய்திறக்கலாகாது! இது என் கேமராமேல் ஆணை!”

மௌரீன் கேட்டாள். அவள் முகத்தில் முதலில் கார்முகில், பிறகு மின்னல்.

“இத்தனை வருஷமா பாத்ரூம்லேருந்து வர்ற குரல் எனக்குத் தெரியாதா? நீதான் மேன் பாடற!”

ஏழிசைத் தெய்வங்கள் தலைகவிழ்ந்தன. பஞ்சுத்தொப்பி மைக், தனக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருந்த வீரத்திருவாயை நோக்கி மௌனமாகச் சாட்சி சொன்னது. வெளியே கேக் ஸ்டாலில் துயர் ஆற்றிக்கொண்டிருந்த ஹெர்பர்ட் அங்கிள், செய்தி கேட்டு வெற்றிமுரசென உள்ளே நுழைந்தார். அவர் கைக் கேக்கைப் பிடுங்கிய மௌரீன் கணவனை நோக்கி, “இன்னும் மூணு பாட்டு இருக்கு. ஹோட்டலுக்கு அது போதும். வாயைத் திற!” என்று ஆணையிட்டாள்.

மிச்சம் மூன்று பாட்டையும் டென்சில், வாயில் கேக்கை மெல்லாமல் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தான்.