வேன் மகாராணியின் தீர்ப்பு: தப்பான பதிலுக்கு நடை

இதுவரை உலகத்தை ஆண்ட எந்த ராணியும் தன் குடிமக்களை எங்கள் வேன் மகாராணி அளவுக்கு நடக்கவிட்டதில்லை. சந்தேகம் இருந்தால் என் முட்டிகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் லிங்கி பக்கத்துத் தோட்டத்திலிருந்து செனாவாங் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் வேன் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நேரில் 'அக்கா', அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'மகாராணி'. அவர் காதுக்கு எல்லா தூரமும் எட்டும்.

வேனுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. முன்சீட்டுக்குச் சிம்மாசனம் என்று பெயர், பெண்களுக்கு மட்டும். நான் கடைசியில், ஸ்பேர் டயருக்குத் துணையாக உட்காருவேன். வண்டி செம்பனைக் காட்டைத் தாண்டியதும் உலகத்தையே புரட்டிப்போட்ட ஒரு பெண்ணின் கதையை மகாராணி சொல்வார். மறுநாள் காலையில் கண்ணாடியில் யார் முகம் படுகிறதோ அவரிடம் கேள்வி. சரியான பதில் சொன்னால் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். தப்பாகச் சொன்னால் ரவுண்டபவுட்டிலேயே இறங்கி நடக்க வேண்டும். நான் எவ்வளவு குனிந்து உட்கார்ந்தாலும் அந்தக் கண்ணாடி என் முகத்தைத் தேடிப்பிடித்துவிடும்.

அந்த ராணிகளின் பெயர்கள் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை. அப்போதும் இருந்ததில்லை. அதனால்தான் நடந்தேன்.

"தம்பி, நேத்து சொன்ன ராணி கோட்டைய விட்டு எப்படித் தப்பிச்சா?"

"குதிரையிலக்கா."

"எல்லாரும் குதிரையிலயேவா போவாங்க? துணி காயப்போடுற கயித்தக் கட்டி எறங்குனா. நீயும் எறங்கு."

அவர் சொல்லும் சரித்திரத்தில் எல்லா நாட்டு ராணிகளும் எங்கள் தோட்டத்துத் தமிழ்தான் பேசுவார்கள். படையெடுத்து வந்த அரசனைப் பார்த்து ஒரு ராணி, "ஏன்யா, ஒங்க ஊரு ஒனக்குப் பத்தலியா?" என்று கேட்டாளாம். விஞ்ஞானியான ஒரு அம்மாள் கல்லைக் காய்ச்சிக் காய்ச்சி வெளிச்சம் எடுத்தாளாம். "சரி, வூட்டுல சோறு யாரு ஆக்குனது? அதயும் அந்தம்மாதான் ஆக்குச்சு" என்று சொல்லிவிட்டு எங்களை ஒரு முறை முறைப்பார், அந்தம்மாள் வீட்டில் பானையை உருட்டித் தின்றது நாங்கள்தான் என்பதுபோல.

ஒருமுறை எனக்கு ரோஷம் வந்து கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "அக்கா, இதுல வேற மாதிரி போட்டிருக்கு."

"எழுதுனது யாரு?"

"தெரியலக்கா."

"ஆம்பளயாத்தான் இருப்பான். எறங்கு."

அன்று ரவுண்டபவுட்டுக்கு முந்தைய டோல் சாவடிப் பக்கமே இறக்கிவிட்டார். மேல்முறையீட்டுக்குத் தண்டனை கூடுதல்.

வீட்டில் புலம்பினால் மனைவி மகாராணி கட்சி. "நாலு விஷயம் காதுல வுழட்டும்லா. தொப்பையும் கொறையும்" என்பாள். இரண்டில் ஒன்று நடந்தது.

இப்படி இருக்கையில், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் பூஜையையும் ஒரு குடும்பம் உபயமாக எடுத்துச் செய்யும். அந்தக் குடும்பத் தலைவரை முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டி, மைக்கில் பெயர் சொல்வார்கள். மகாராணிக்கு அந்த வருஷம் ஓர் ஆசை வந்துவிட்டது. வேனில் வரும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் உபயம் எடுப்பது என்று முடிவு செய்தார். சிம்மாசனத்தில் தினமும் உட்காரும் மேரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவள், பூவெல்லாம் தன் பொறுப்பு என்றாள்.

கோயில் கமிட்டி கூடியது. நான் உறுப்பினர். உறுப்பினர் என்றால் வடை தின்கிற இடத்தில் இருப்பவன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "உபயம் தாராளமா எடுங்க. ஆனா பரிவட்டம் கட்ட ஒரு ஆம்பள முன்னால நிக்கணும்."

"அம்மன் பொம்பளதானுங்களே?" என்றார் மகாராணி.

"அம்மன் வேற, கமிட்டி வேறலா."

"காசு எங்களுது, ஒழப்பு எங்களுது. தலை மட்டும் யாருதோவா? எங்க தலைக்கு என்னா கொறச்சல்? நான் நிக்கிறேன்."

"பழக்கம் இல்லம்மா" என்ற தலைவரின் கண் என் மேல் விழுந்தது. அவருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியே கண். "தம்பி ஒங்க வேன்லதானே வருது? அது நிக்கட்டும்."

வாயில் வடை இருந்ததால் மறுக்க முடியவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் மறுக்க மனமில்லை. நான் இருந்த எந்த வரிசையிலும் முன்னால் நின்றதே இல்லை, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கும் வரிசை தவிர.

மகாராணி என்னைப் பார்த்தார். "சரி" என்றார். அவர் கத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உபயத்தன்று வேலை முடிந்ததும் தொழிற்சாலைக் கழிப்பறையிலேயே புது வேட்டிக்கு மாறிக்கொண்டேன். வேன் நிறைய பூக்கூடை. எனக்கே ஒரு ராஜ களை வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. வேறு யாருக்கும் தோன்றவில்லை. வண்டி தோட்டத்துச் சிம்பாங்கில், அந்த முச்சந்தியில், திரும்பி நின்றது. அங்கிருந்து கோயிலுக்குச் செம்பனைக் காட்டு வழியே நல்ல தூரம்.

"தம்பி, ஒரு கேள்வி."

"அக்கா, கேள்வி காலையிலதானே?"

"நம்ம அம்மாவுங்க இருட்டோட ரப்பர் பால்மரம் வெட்டப் போவாங்க. கொட்டகையில நம்மள எல்லாம் தொட்டில்ல போட்டு ஒரு ஆயா ஆட்டுச்சே. அது பேரு என்னா?"

"ஆயா."

"அது பாத்த வேல. பேரு?"

நான் மேரியைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் மேரியே பூக்கூடையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோட்டத்தில் பிறந்த அத்தனை பேருக்கும் மூக்கு சிந்திவிட்ட கை அது. கமிட்டித் தலைவரின் மூக்கும் அதில் அடக்கம்.

"எறங்கு."

"அக்கா, பரிவட்டம்..."

"எறங்கு தம்பி."

இறங்கினேன். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தேன். ஒரு நாய் என்னை அடையாளம் தெரியாமல் துரத்தியது. அடையாளம் தெரிந்த பிறகும் துரத்தியது. மரங்களுக்கு அப்பாலிருந்து மைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது: "உபயதாரர் சார்பில் நிற்க வேண்டியவர் எங்கிருந்தாலும் உடனே கோயிலுக்கு வரவும்." வந்துகொண்டுதான் இருந்தேன். மைக்குக்கு அது தெரியவில்லை.

குருக்களுக்கு அடுத்து போர்டிக்சன் ஊரில் ஒரு பூஜை இருந்தது, எனக்காகக் காத்திருக்க நேரமில்லை. மேலே மழை கறுத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் மைக்கில் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு தலைவரின் குரல், பல்லைப் பிடுங்கும்போது பேசுகிற மாதிரி, "இன்றைய உபயம்... நம் தோட்டத்துப் பிள்ளைகளை வளர்த்த பச்சையம்மா என்கிற வீராயி ஆயா நினைவாக... வேன் மகளிர்" என்றது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மகாராணி முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலையில் சிவப்புப் பட்டு. கோட்டையைப் பிடித்த முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

தலைவர் என்மேல் பாய்ந்தார். "எங்கய்யா போய்த் தொலஞ்ச?"

"நடந்து வந்தேங்க."

"ஏன்?"

"பதில் தெரியலைங்க."

பொங்கல் வாங்கும்போது மகாராணியிடம் மெதுவாகக் கேட்டேன். "அதென்னக்கா, பச்சையம்மா என்கிற வீராயி?"

"பழைய ஆளுங்களத் தேடிப் போய்க் கேட்டேன். ஒருத்தர் பச்சையம்மான்னாரு, ஒருத்தர் வீராயின்னாரு. எதுக்கு வம்பு, ரெண்டயும் சொல்லச் சொன்னேன்."

மறுநாள் வழக்கம்போல ரவுண்டபவுட்டில் இறங்கினேன்.

இப்போது வேன் இல்லை. மகாராணிக்குக் கண் மங்கிவிட்டது, செனாவாங்கில் தங்கையோடு இருக்கிறார். கண் மருத்துவரிடம் என் காரில்தான் வருவார், முன்சீட்டில். என் வண்டியில் நான் எப்படி ஓட்ட வேண்டும் என்று வழியெல்லாம் பாடம்.

போன வாரம் முதல்முறையாக அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பதிவு செய்ய நானே போனேன். கவுன்டர் பெண் கேட்டாள். "அங்கிள், அவங்க பேரு என்னா?"

திரும்பி நாற்காலியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன், நடந்திருக்கிறேன், மனதுக்குள் ஆயிரம் பெயர் வைத்திருக்கிறேன். அந்த ஒரு பெயரைக் கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து குரல் வந்தது, அந்தக் காதுக்கு இன்னும் எல்லா தூரமும் எட்டுகிறது. "மகாராணின்னு எழுதிக்கம்மா. தம்பிக்கு அதுதான் தெரியும்."

பிறகு அவரே பெயரைச் சொன்னார்.

திரும்பும்போது ரவுண்டபவுட் வந்தது. நானே காரை ஓரங்கட்டி இறங்கினேன். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து ஏறினேன்.

"இப்ப சொல்லு. என் பேரு என்னா?"

சொன்னேன். சரியான பதிலுக்கு வாசல்வரை கொண்டுபோய் விடுவதுதான் வேன் சட்டம். கையைப் பிடித்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.