சீஸ் வேண்டாம் என்றதால் வந்தது

அன்புத் தங்கை ஹெய்டிக்கு,

அக்கா கிறிஸ்டா எழுதுகிறேன். இங்கே நான் நலம். அரிசோனா வெயிலில் நீயும் வாடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என்னை உண்ணி கடித்ததைக் கேள்விப்பட்டு, "கிளம்பி வரட்டுமா?" என்று போனில் கேட்டாய். வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காய்ச்சலும் தொடையில் வட்டச் சிவப்பும் வந்ததும் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடை டெரில், வழக்கம்போல் கடை முழுக்கக் கேட்கும்படி, "டம்ளர் நெறைய தண்ணி குடிச்சுப் போடு, போட்ட உடனே படுக்காத, வெயில்ல அலையாத, தேறிடுச்சேன்னு நடுவுல நிறுத்தாத. மாத்திரை நேரத்துல பால், சீஸ் கிட்டயே போகாத, மருந்து உடம்புல சேராது" என்றார். பாலும் சீஸுமே பிழைப்பான நம் விஸ்கான்சினில் நின்றுகொண்டு இதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரையை விழுங்குகிறேன், பக்கத்துப் பண்ணை லவான் சீஸ் வழியும் மக்ரோனித் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாரே! "சீஸ் வேணாம் லவான்" என்றேன். 'ரெண்டு மணி நேரம் கழிச்சு' என்பது வாயிலேயே நின்றுவிட்டது. அவர் முகம் வெளுத்தது.

"ஒன் தங்கச்சியும் இப்படித்தான் ஆரம்பிச்சா. மொதல்ல பால் வேணாம்னா, அப்புறம் ஊரே வேணாம்னு போயிட்டா. நீயும் கிளம்புறியாடி?"

நான் விளக்குவதற்குள் செய்தி சர்ச்சுக்குப் போய்விட்டது. ஞாயிறன்று எனக்காகப் பிரார்த்தனை, உண்ணிக்காக அல்ல. வெள்ளிக்கிழமை ஊரே கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்குப் போனால் ஆளாளுக்குக் கை குலுக்கி வழியனுப்புகிறார்கள். "வீட்டை எப்ப காலி பண்ற?" என்று கேட்கிறார் பக்கத்து மேசைக்காரர். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று உன் நாற்காலியில் என் கைப்பையை வைத்திருந்தேன். அந்த இடத்தை யாரும் கேட்கவே இல்லை.

சிவப்பு மங்கிவிட்டது. இத்தோடு நிறுத்தி, அம்மா செய்வதுபோல் மீதியை உனக்கு எடுத்து வைக்கலாமா என்று டெரிலிடம் கேட்டேன். "தங்கச்சி மேல பாசம்னா வேற ஏதாவது அனுப்பும்மா" என்றார். ஆகவே உனக்கு மாத்திரை கிடையாது. தினமும் விழுங்கிவிட்டு, படுக்கக் கூடாதே என்று நிழலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஏரியைப் பார்க்கிறேன். நீ குதிக்கும் இடத்தில் இப்போது வாத்துகள். மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. துணைக்கு யாரும் வேண்டாம். பயணச் செலவு வீண்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
அக்கா கிறிஸ்டா

பி.கு.: மாத்திரை அடுத்த வியாழனோடு முடிகிறது. மறுநாள் மீன் வறுவலுக்கு நம் மேசையில் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன். நீ வருவதாக லவானிடமும் சொல்லிவிட்டேன். பெரிய தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.