பன்னிரண்டு கிலோ வான்கோழியும் ஒரு கமிட்டித் தலைவரும்

லிமா,
ஜனவரி 1

பேரன்புக்குரிய அக்கா ஃபோர்த்துனாத்தாவுக்கு,

தம்பி தெமெத்ரியோ எழுதிக்கொண்டது. அரெகிப்பாவில் நீயும் அத்தானும் உங்கள் மூன்று நாய்களும் புத்தாண்டில் சகல நலமும் பெற்றிருக்க வேண்டும். இங்கே நானும் சொய்லாவும் சௌக்கியம் என்று கை தானாகவே எழுதப் பார்க்கிறது. நான் சௌக்கியமாக இல்லை, அக்கா. கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டு, இந்தக் கோடை வெக்கையில் வேர்த்து விறுவிறுத்துப்போய் எழுதுகிறேன். படித்ததும் இதைக் கிழித்துப் போடு. அத்தானிடம் மூச்சு விடாதே. அத்தான் தங்கமான மனிதர், ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புக் கமிட்டி கூடியது. பதினொரு வீட்டுக்கும் ஒரே இரும்பு வாசல், அத்தனைக்கும் தலைவர் உன் தம்பி. பண்டிகைக் காலச் சிக்கனம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வாசல் குப்பைத் தொட்டியை நானே எட்டிப் பார்த்திருக்கிறேன், பாதி தின்ற பனெத்தோன் பழரொட்டி ஒன்பது, ஆப்பிள் மசியல் ஒரு சட்டி நிறைய, பல்லே படாத வான்கோழிக் கால் நாலு. ஆளுக்கு அரைக் கிலோ கணக்கு வைத்து வாங்குங்கள், காசும் மிஞ்சும், குப்பையும் குறையும் என்றேன். பதினொரு வீட்டாரும் கையைத் தூக்கினார்கள், அப்புறம் தட்டினார்கள். மடையன் நான், நம்பிவிட்டேன். எங்கள் வீட்டில் மகள், மருமகன், சம்பந்தி வீட்டார் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர், ஆகவே நாலு கிலோவில் ஒரு வான்கோழி வாங்கி வந்தேன். சொய்லா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வான்கோழிதானா, இல்ல புறாவுக்கு அக்காவா?" என்று கேட்டாள். கொள்கை என்றேன். சரி என்று மசாலா அரைக்கப் போய்விட்டாள்.

எங்கள் பேட்டையில் யாருக்கும் வான்கோழி நுழைகிற அளவுக்கு அடுப்பு கிடையாதென்று உனக்குத் தெரியும். இருபத்துநாலாம் தேதி காலையில் பறவையைத் தகரத் தட்டில் வைத்து, அலுமினியத் தாளால் மூடி, மெல்ச்சோரின் ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்துவிட வேண்டியது. அவன் ஒரு டோக்கன் தருவான், சாயங்காலம் அதைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டியது. காலையில் சொய்லாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் அவள் கொடுத்த டோக்கனோடு நான் போனேன். அங்கே வரிசையில் நம் ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள், அக்கா. என்னைப் பார்த்ததும் ஒருத்தர் கூரையைப் பார்க்கிறார், ஒருத்தர் செருப்பைப் பார்க்கிறார். ஒவ்வொரு தட்டும் கன்றுக்குட்டி கனம், இரண்டு பேர் பிடித்துத் தூக்கிப் போகிறார்கள். கை தட்டிய ஒருத்தன்கூடச் சின்னது வாங்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் என் தட்டும் கனமாக இருப்பது உறைக்கவே இல்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டபோதுகூட வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வீட்டில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாகிவிட்டது. தாளைப் பிரித்தேன். அந்தப் பறவை தட்டை விட்டு வெளியே வழிந்துகொண்டு கிடக்கிறது. சம்பந்தி, "ஆஹா, பெரிய மனசுக்காரர்தான்" என்கிறார். சொய்லா, "சூட்டுல கொஞ்சம் ஊதிப்போயிருக்கும்" என்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகன் ஒரு காலைத் திருகி எடுத்துவிட்டான். அப்போதுதான் மற்றக் காலில் கம்பியால் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த பெயர் பர்ராந்தெஸ். நம் மாடி வீட்டு கமாண்டர் பர்ராந்தெஸ், அக்கா. போலீஸில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அவர் குரலுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒரு கால் போன வான்கோழியை எப்படித் திருப்பிக் கொடுப்பது, நீயே சொல். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன். எட்டுப் பேருக்கும் பரிமாறினேன். அந்த நேரமே நான் திருடனாகிவிட்டேன்.

மறுநாள் காலை முற்றத்தில் இடி இறங்கியது. "என் பன்னிரண்டு கிலோவை எவனோ அமுக்கிட்டான்! எனக்கு வந்தது ஒரு குருவி, பேர் அட்டைகூட இல்ல!" என்று கத்திக்கொண்டே நேராக என் கதவுக்கு வந்துவிட்டார். வந்தவர் என் தோளைப் பிடித்து, "தலைவரே, இதை நீங்கதான் விசாரிக்கணும். இந்தக் குடியிருப்புல உங்க ஒருத்தரைத்தான் நம்புறேன்" என்றார். "உங்க பேச்சைக் கேட்டு எல்லாரும் சின்னதா வாங்கித் தொலைச்சிருக்கானுங்க. அந்தக் குருவி யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, சொல்லுங்க." ரொட்டிக்கடை வரிசையை அவர் பார்க்கவில்லை, உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். பதினொரு வீட்டில் சின்னது வாங்கியவனும் நான் ஒருவன். "கண்டிப்பா விசாரிக்கிறேன்" என்றேன். ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் எழுத்து மூலமாக அறிக்கை வேண்டுமாம்.

அதோடு விட்டாரா. குப்பைத் தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். யார் பை கொண்டுவந்தாலும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். "தின்னவன் தின்னுட்டான், எலும்பு எங்க போகும்? ஒரு நாள் வெளிய வந்துதானே ஆகணும்" என்கிறார். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலிருந்து ஒரு நரம்புகூட வெளியே போகவில்லை, அக்கா. இருபத்தைந்தாம் தேதி ரொட்டிக்குள் வைத்துத் தின்றோம், இருபத்தாறாம் தேதி அஹி மிளகாய்க் குழம்பு, இருபத்தேழாம் தேதி அதே குழம்பைச் சுடவைத்துச் சோற்றோடு, அப்புறம் சூப்பு, அப்புறம் மிச்சச் சூப்பில் உருளைக்கிழங்கு, தோலைக்கூட வறுத்துத் தின்றாயிற்று. வாசனை போகக்கூடாதென்று ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் சமையல். அதற்குள் மருமகன் ஒரு நாள் வந்து முற்றத்திலேயே நின்று, "மாமா, அந்த வான்கோழி இன்னும் தீரலையா?" என்று கேட்கிறான். கமாண்டர் தலையைத் திருப்பினார். "கோழிப்பா, கோழி. சாதாக் கோழி" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். "கோழியா? அவ்ளோ பெரிய காலு கோழிக்கு எங்க மாமா இருக்கு" என்கிறான். மகளைக் கொடுத்த வீடாச்சே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவனை உள்ளே இழுத்துப் போட்டேன்.

எலும்பெல்லாம் இப்போது கட்டிலுக்கு அடியில் என் தோல் பெட்டியில் இருக்கிறது. மூன்று தடவை வேகவைத்துவிட்டேன், ஆனாலும் இந்த வெயிலுக்கு அது தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. காலடிச் சத்தம் கேட்டால் பெட்டியை இன்னும் உள்ளே தள்ளுகிறேன். நேற்று கமாண்டர் படியிறங்கி வந்து, "ஏதாவது துப்பு கெடச்சுதா, தலைவரே? உங்க முகமே சரியில்லையே, ரொம்ப அலையறீங்களோ" என்று அனுதாபமாக விசாரிக்கிறார். அழுகையே வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் தபாலாபீசில் முத்திரை குத்தினேன், ஒரு தபால்தலையை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இந்த வயதில் வான்கோழித் திருடன் என்று பெயரெடுத்து, அதுவும் சிக்கனம் பேசிய வாயால் ஊரான் வீட்டுப் பறவையைத் தின்றவன் என்று பெயரெடுத்து, இந்த வாசலில் எப்படி நடப்பேன். ஆகவே மூன்றாம் தேதி பஸ்ஸில் பெட்டியோடு அங்கே வந்துவிடலாமென்று இருக்கிறேன். நாய்களைப் பட்டினி போட்டு வை. பின்கட்டு அறையில் ஒரு கட்டில் போதும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்காதே.

அத்தானுக்கு என் வணக்கம், நாய்களுக்கு என் அன்பு. உன்னை நம்பி இருக்கிறேன். ஆண்டவர் உன் வீட்டில் எப்போதும் குறைவில்லாமலும் மிச்சமில்லாமலும் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
தெமெத்ரியோ பௌக்கார்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. நான் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். வந்தது கமாண்டரின் மனைவி நியேவெஸ் அம்மாள். கையில் எங்கள் தகரத் தட்டு, பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். "ரொம்ப நன்றி சொய்லா" என்கிறார்கள். "பிள்ளைங்க ரெண்டும் ஸ்பெயினுக்குப் போனதுலேர்ந்து, ரெண்டே பேருக்கு வருஷா வருஷம் பன்னிரண்டு கிலோ. பாதியைத் தூக்கிப் போடறப்ப வயிறு எரியும். உங்க வீட்டுக்காரர் கூட்டத்துல பேசினப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவ மாத்திடணும்னு. உங்களுது ரெண்டே நாள்ல தீர்ந்துபோச்சு. ஒரு துண்டு வீணாகல."

அக்கா, இருபத்துநாலாம் தேதி காலையிலேயே ரொட்டிக்கடை வாசலில் இரண்டு பேரும் டோக்கனை மாற்றிக்கொண்டுவிட்டார்களாம். அந்த அம்மாள் போனதும் வெளியே வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொய்லா நிதானமாகச் சொன்னாள்: "முதல் ரெண்டு நாள் சொல்லிடலாம்னுதாங்க இருந்தேன். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம், முந்தின நாள் சமைச்சதுன்னா தட்டைத் தள்ளி வைக்கிற மனுஷன். ஊருக்குத்தான் வீணாக்காதீங்கன்னு பேச்சு. மூணாம் நாள் நீங்களா பழைய குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

ஆகவே நான் வரவில்லை, நாய்களுக்குச் சோறு போடு. கமாண்டருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அறிக்கையில் அடுப்பின் மேல் பழியைப் போட்டுவிடச் சொல்லி இரண்டு பெண்களும் பேசி முடித்துவிட்டார்கள். அவரைப் பற்றி எனக்கு இப்போது பயமே இல்லை. சொய்லாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. எட்டு நாள், அக்கா. நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் எனக்குச் சூப்பு ஊற்றிக்கொண்டே இருந்தாள்.